பெரிய கேம்களுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், பொள்ளாச்சி என்று நம் பக்கத்திலிருந்து கார்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். கார்டின் பெயரில் தொடங்கக் கூடாது, அதற்கு முன்னால் இருக்கும் மானிட்டரிலும் பின்னால் இருக்கும் கரண்டிலும்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பணம் வீணாகிற இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

சுத்தி வளைக்காமச் சொல்லுங்க, எந்தக் கார்டு வாங்கறது?

உங்கள் மானிட்டர் என்ன? அதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். 1080பி மானிட்டரில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது 1080பியைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்குப் போட்டாக வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்டு. 144 வேண்டுமென்றால் 7 மில்லி செகண்டுக்கும் குறைவு.

2024 டிசம்பரிலிருந்து 2025 வரை வந்த தலைமுறையை வைத்துச் சொல்கிறேன். 1080பி மானிட்டர், கனமான கேம்கள், நாலைந்து வருடம் ஓட்ட வேண்டும் என்றால் ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி அல்லது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. கை கொஞ்சம் இறுக்கம் என்றால் இன்டெல் ஆர்க் பி580. அதில் 12 ஜிபி மெமரி இருக்கிறது. 1440பிக்கு ஆர்எக்ஸ் 9070 அல்லது ஆர்டிஎக்ஸ் 5070. அதற்கு மேல் ஒரு படி போக முடிந்தால் 9070 எக்ஸ்டி, 5070 டிஐ; இரண்டிலும் 16 ஜிபி. 4கே-யில் விளையாடுவதற்கும் இந்த இரண்டிலிருந்துதான் கணக்கே தொடங்கும்.

வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் இவ்வளவு செலவே வேண்டாம். அந்த மாதிரி கேம்கள் பிராசஸரைத்தான் அதிகம் கேட்கும்.

8 ஜிபி போதுமுங்களா? கடைக்காரர் தாராளமாப் போதும்னு சொல்றார்.

இன்றைக்கு ஓடும். ஆனால் புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு நான் 8 ஜிபியைச் சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கேமில் தெரிகிற சுவர், துணி, மரப்பட்டை என எல்லாவற்றின் படங்களும் கார்டின் சொந்த மெமரியில், அதாவது விரேமில், உட்கார்ந்திருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் மிச்சத்தை கம்ப்யூட்டரின் ரேமில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டு வழியாக இழுத்துக்கொண்டு வரும். அந்தப் பாதை விரேமோடு ஒப்பிட்டால் ரொம்ப மெதுவு. அதனால்தான் சராசரி ஃபிரேம் கணக்கு 70 என்று காட்டும்போதே, திரும்பும் இடத்தில் திரை அரை நொடி சிக்கிக்கொண்டு நகரும். சில கேம்கள் சிக்காமல் ஓடும், ஆனால் சொல்லாமலே தரம் குறைந்த படத்தை மாட்டிவிடும். முகத்துக்கு நேரே உள்ள சுவர்கூட மங்கலாகத் தெரியும்.

பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுகள் ஸ்லாட்டின் 16 தடங்களில் 8-ஐ மட்டுமே பயன்படுத்துகின்றன. இன்டெல் 10-ஆம் தலைமுறை போர்டுகளிலும், ஏஎம்டி பி450 போர்டுகளிலும் அந்த ஸ்லாட்டின் வேகத் தலைமுறை பிசிஐஇ 3.0 தான். பாதி தடம், அதிலும் பழைய வேகம். மெமரி நிரம்பி வழிகிற நேரத்தில் அந்த அடி நன்றாகவே தெரியும்.

ஒரே பெயரில் 8 ஜிபியும் 16 ஜிபியும் விற்கிறார்கள். 5060 டிஐ-யும் 9060 எக்ஸ்டி-யும் அப்படித்தான். பில் போடும் முன் அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

எங்கிட்ட பழைய ஐ5 பிராசஸர் இருக்குது. கார்டை மட்டும் மாத்தினாப் பத்துமா?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆப்டர்பர்னர் போன்ற மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 95-க்கு மேலேயே நின்றால் கார்டுதான் திணறுகிறது, மாற்றுங்கள். 60, 70 என்று தொங்கினால் பிராசஸரோ ரேமோ பின்னால் இழுக்கிறது. அங்கே எவ்வளவு விலையுள்ள கார்டைச் செருகினாலும் பெரிய மாற்றம் வராது. ஃபிரேம் எண்ணிக்கைக்குக் கடிவாளம் போடும் ஃபிரேம் லிமிட், வி-சிங்க் இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கணக்கு ஏமாற்றும்.

ஒற்றை ரேம் குச்சி போட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். கார்டு வாங்கும் முன் அதே வகையில் இன்னொன்று போட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரட்டைச் சேனல் ஆக்குங்கள்.

கேபினெட்டோட வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்குது. அதுவே தாங்குமுங்களா?

தாங்காது என்று வைத்துக்கொள்வதே நல்லது. எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கேபினெட்டோடு சேர்ந்து வரும் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்களில் ஸ்டிக்கரில் இருக்கும் வாட்டை நம்ப முடியாது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அந்த வரிசையிலிருந்துதான். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று இருந்தால் அது 216 வாட். வெளியே 450 என்று எழுதியிருந்தாலும் கேமுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

கார்டுக்கு கரண்ட் வரும் கணக்கு இப்படி: போர்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை, 6 பின் கேபிளில் 75, 8 பின் கேபிளில் 150. ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160, 5070-க்கு 250, 5070 டிஐ-க்கு 300, 9070 எக்ஸ்டி-க்கு 304, 5090-க்கு 575. என்விடியா தன் 5060-க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும், 5070-க்கு 650-ம், 5070 டிஐ-க்கு 750-ம் வைக்கச் சொல்கிறது. கார்டு ஒரு நொடியின் சிறு துளி நேரத்துக்குத் தன் கணக்கைத் தாண்டி இழுக்கும். அதைத் தாங்கத்தான் இந்த இடைவெளி.

பழைய நாலு பின் மோலெக்ஸை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் கேபிளைக் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அந்த ஒயர் சூடேறி உருகும்.

பெரிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே இந்தக் கனெக்டர் உருகிய படங்கள் வர ஆரம்பித்தன. முழுவதும் உள்ளே போகாமல் அரைகுறையாகச் செருகியது ஒரு முக்கியக் காரணம். கார்டை மாட்டியதும் டார்ச் அடித்து ஓரத்திலிருந்து பாருங்கள். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூடத் தெரியக் கூடாது. செருகிய இடத்திலேயே கேபிளை மடக்கிக் கேபினெட் கதவை அழுத்தி மூடாதீர்கள்.

எங்கூர்ல வோல்டேஜ் ஏறி இறங்குது, கரண்டும் போகுது. யூபிஎஸ், ஸ்டெபிலைசர் எல்லாம் வேணுமா?

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடும் தெருவிலும், தோட்டத்துச் சாளையில் மோட்டார் லைனுக்குப் பக்கத்திலும் குடியிருக்கிறவர்களின் கவலை இது. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் அமைப்பு) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்களே சமாளித்துக்கொள்ளும். அதனால் குறை வோல்டேஜுக்கென்று தனியாக ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவையில்லை.

உண்மையான ஆபத்து எர்த். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? அப்படியானால் கார்டு வாங்குவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. இருபது, முப்பது என்று காட்டினால் எர்த் குழியில் ஈரம் வற்றிப்போயிருக்கலாம், அல்லது ஒயர் எங்கோ விட்டிருக்கலாம். கோடையில் செம்மண் இறுகிப்போகிற ஊர்களில் இது சகஜம். இந்த வேலைக்கு ஆகும் செலவு கார்டு விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

யூபிஎஸ் விஷயத்தில் விஏ வேறு, வாட் வேறு. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். 5070 போட்ட கம்ப்யூட்டரை அதில் மாட்டிக் கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். 1100 விஏ அளவு இருந்தால் கேமைச் சேமித்து நிதானமாக அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் ஈபி கரண்ட் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும், அதில் யூபிஎஸ் மோடு சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். மாதாந்திர பராமரிப்புக்காகக் காலை முதல் கரண்ட் போகும் நாளில் இன்வெர்ட்டர் பேட்டரியில் கேம் ஆடுவதெல்லாம் வேண்டாம். வீட்டில் ஃபேன் ஓடட்டும்.

ஈபி பில் எகிறிப் போகுமா?

கம்ப்யூட்டர் மொத்தமாக 400 வாட் எடுக்கிறது, தினம் மூன்று மணி நேரம் ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு மாத ரீடிங்குக்கு 72 யூனிட். 9060 எக்ஸ்டி அளவில் நின்றால் ஏறக்குறைய 45 யூனிட்டில் முடியும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடுகிற வீடாக இருந்தால் அந்த 72 யூனிட் 500-ஐத் தாண்டவைத்து அடுக்கை மாற்றிவிடும், பில் சட்டென்று ஏறும். அப்பா, அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஈரோட்டு வெயில்ல, மாடி ரூம்ல வெச்சா கார்டு தாங்குமா?

கார்டு தாங்கும், உங்களுக்குத்தான் கஷ்டம். 300 வாட் எடுக்கும் கார்டு அந்த 300 வாட்டையும் சூடாக அறைக்குள்ளேயேதான் விடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் கோவையிலும் பொள்ளாச்சியிலும் சமாளித்துவிடலாம். சித்திரை மாதத்தில் கரூரிலும் ஈரோட்டிலும் கான்கிரீட் மாடிக்குக் கீழே, ஏசி இல்லாத அறையில், 160 வாட் கார்டுக்கும் 300 வாட் கார்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லும். மேலே சொன்ன ஆப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கும் வாட்டின் உச்ச வரம்பை, 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் சில சதவீதம்தான் குறையும். சூடும் ஃபேன் சத்தமும் நன்றாகவே குறையும்.

வெயிலைவிட எனக்குப் பெரிய கவலை பஞ்சு. பனியன் கம்பெனி, நூற்பாலை, தறிக்கூடம் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் கார்டின் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால், அலுமினியத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். சாதாரணத் தூசி மாதிரி ஊதினால் பறக்காது. பஞ்சு இழைகள் ஒன்றோடொன்று பின்னி, ஈரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்துக்கொண்டு, துணி மாதிரியே ஆகியிருக்கும். ஒரு ஓரத்தைச் சிறு இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுத் துண்டாகவே உரிந்து வரும். அது அடைத்துக்கொண்டால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று தகட்டுக்குப் போகாது. கார்டு 85 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பொள்ளாச்சியில் கயிறு மில் பக்கம் இருப்பவர்களுக்கு நார்த் தூசி இதே வேலையைச் செய்யும்.

அதனால் முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய வலை ஃபில்டர் உள்ள கேபினெட்டாகப் பாருங்கள். தரையில் வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவுங்கள். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் வாரம் ஒரு முறை. புளோயர் அடிக்கும்போது கார்டு ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுப்போகலாம்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எல்லாம் உண்மையிலேயே பலன் தருமா, விளம்பரமா?

பலன் உண்டு. கேமைக் குறைந்த தெளிவில் வரைந்து, பிறகு பெரிதாக்கி நுணுக்கங்களை நிரப்புகிற வேலை அது. 1440பியிலும் 4கே-யிலும் குவாலிட்டி மோடில் வைத்தால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. 1080பியில் அவ்வளவு நன்றாக இருக்காது, ஏனென்றால் ஆரம்பிக்கும் படமே சின்னது. 2025 ஜனவரியில் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4-இன் மேம்பட்ட அப்ஸ்கேலிங் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது. ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் 4, ஆர்எக்ஸ் 9000 வரிசைக்காக வந்தது. முந்தைய எஃப்எஸ்ஆர்களைவிட நிறையவே தெளிவு.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சமாச்சாரம். இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுவது அது. 60 வருகிற இடத்தில் போட்டால் காட்சி வழுவழுவென்று ஓடும். 25 வருகிற இடத்தில் போட்டால் கணக்கு 50 என்று காட்டும், ஆனால் மவுஸை நகர்த்தினால் 25-இன் மந்தம் அப்படியே கையில் தெரியும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் "இத்தனை மடங்கு வேகம்" என்ற வரைபடங்களில் பல இதைச் சேர்த்த கணக்குதான். கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எண்ணை ஓரம் கட்டிவிடுங்கள்.

ரே டிரேசிங் அவசியமா?

கேமில் வெளிச்சமும் நிழலும் நிஜம் போல விழக் கணக்குப் போடுகிற வேலை அது. முன்பு விருப்பம், இப்போது சில கேம்களில் கட்டாயம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. ஜிடிஎக்ஸ் 1660 எல்லாம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் புதுக் கேம்களுக்காக வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

என்விடியாவா, ஏஎம்டியா, இன்டெல்லா?

காசுக்கு ஏற்ற வேகமும் மெமரியும் என்றால் பெரும்பாலும் ஏஎம்டி. ரே டிரேசிங்கை முழுக்கப் போட்டு ஆட வேண்டும், வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலையும் உண்டு என்றால் என்விடியா. இன்டெல் ஆர்க் நல்ல கார்டுதான், ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் வசதி, அதாவது கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக எட்டும் வசதி, இருந்தாக வேண்டும். அது இல்லாத பழைய கம்ப்யூட்டரில் வேகம் ரொம்பவே அடிவாங்கும்.

பையன் இன்ஜினியரிங் படிக்கிறானுங்க. சாலிட்ஒர்க்ஸும் ஓடணும், கேமும் ஓடணும்.

கல்லூரி அளவிலான சாலிட்ஒர்க்ஸ், ஆட்டோகேட் வேலைக்கு கேமிங் கார்டே போதும், தனியாகத் தொழில்முறை கார்டு வேண்டியதில்லை. ரேமை 32 ஜிபி ஆக்குங்கள். பிளெண்டர் ரெண்டரிங்கும் செய்வான் என்றால் 5060 டிஐ 16 ஜிபி பொருத்தமான இடம்.

பழைய கார்டு பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?

வாங்கலாம், ஓடவிட்டுப் பார்க்க அனுமதித்தால் மட்டும். கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்பவரிடம் வேண்டாம்.

நேரில் போகும்போது கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை பென் டிரைவில் கொண்டு போங்கள். கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, பழைய சில்லைப் புதிய பெயரில் விற்கும் போலிகள் உண்டு. அவற்றை ஜிபியு-இசட் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்பதில் 2048எஸ்பி என்றொரு வகை இருக்கிறது. பெயர் 580, உள்ளே இருப்பது 570-க்குச் சமம். அசல் 580-இல் 2304 கோர்கள் இருக்க வேண்டும்.

பிறகு கார்டை முழுப் பளுவில் ஓட்டும் ஃபர்மார்க் போன்ற சோதனையைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். திரையில் புள்ளிப் புள்ளியாக நிறம் தெறித்தால் எழுந்து வந்துவிடலாம். எல்லா போர்ட்டிலும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். ஸ்லாட்டில் நுழையும் தங்க முனைக்குப் பக்கத்தில், பூட்டுக் கொக்கி இருக்கும் மூலையில், போர்டில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கனமான கார்டுகள் தாங்கு இல்லாமல் தொங்கி அங்கேதான் விரியும். சில்லைச் சுற்றிப் பழுப்பாகப் பசை மாதிரி ஏதாவது தெரிந்தால் யாரோ சூடு காட்டி ரிப்பேர் பார்த்த கார்டு.

மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் சம்பாதிக்க இரவு பகலாகக் கணக்குப் போடுவதில், ஓடிய கார்டா என்று பயப்படுகிறார்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியதோடு கார்டு வைத்து அதை மைனிங் செய்வது நின்றுபோனது. அப்போது சந்தைக்கு வந்த 3060, 3070, 3080 கார்டுகள் இன்னமும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் சில்லைக் கொல்வதில்லை. ஃபேனையும் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடையும்தான் தேய்க்கும். இரண்டையும் மாற்றலாம், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசை மட்டும் வேண்டாம். 2025 அக்டோபரோடு அவற்றுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் வருவது நின்றுவிட்டது.

மாமா துபாய்ல இருந்து வர்றார். அங்கயே வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

அந்தக் கம்பெனியின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில்தான் சர்வீஸ் தருகின்றன. சுங்க வரியையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆன்லைன்ல வாங்கறதா, காந்திபுரம் கடையிலயா?

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வித்தியாசம் என்றால் நான் கடையைத்தான் சொல்வேன். கார்டு பழுதானால் ஆர்எம்ஏ-வுக்கு (வாரண்டியில் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவதற்கு) அனுப்புவது யார் என்பதுதான் கேள்வி. எந்தக் கடையாக இருந்தாலும் காசு கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பழுதானால் நீங்களே வாங்கி அனுப்புவீர்களா, எந்த ஊருக்குப் போகும், வாரண்டி எத்தனை வருடம். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டியும் கார்டின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்றால் குறைவது வாரண்டிதான். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, பெட்டி மேல் உள்ள சீரியலும் கார்டில் ஒட்டியிருக்கும் சீரியலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆன்லைன் என்றால் பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்.

லேப்டாப்பில் அதே 4060 போட்டிருக்குதே, அது ஆகாதா?

பெயர் ஒன்று, வேகம் ஒன்றல்ல. லேப்டாப் 4060-க்குத் தயாரிப்பாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். வாங்கும் முன் எத்தனை வாட் என்று கேளுங்கள். விளம்பரத்தில் சொல்லாவிட்டால் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. வீட்டிலேயே இருப்பவர் அதே காசுக்கு டெஸ்க்டாப் போட்டால் வேகமும் அதிகம், நாளைக்குக் கார்டை மட்டும் மாற்றவும் முடியும்.

அடுத்த மாடல் வரட்டும்னு காத்திருக்கலாமா?

இரண்டு மாதத்துக்குள் வருவதாக அறிவித்துவிட்டால் காத்திருங்கள். வெறும் வதந்திக்காக வேண்டாம். ஏஐ மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியதைப் பார்த்தோம். காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய கணக்கு இப்போது எப்போதும் பலிப்பதில்லை.

கார்டு மாட்டியாச்சுங்க, ஆனா முன்ன மாதிரியேதான் ஓடுது. என்ன பண்றது?

கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ-யிலேயே விட்டிருப்பார்கள். கீழே கார்டில் இருக்கும் போர்ட்டுக்கு மாற்றுங்கள், முடிந்தால் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போடுங்கள். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். போர்டின் பயாஸுக்குள் போய் ரேமுக்கு எக்ஸ்எம்பி (ரேமைச் சொன்ன வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்), கார்டுக்கு ரீசைசபிள் பார் இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டி-யிலிருந்து என்விடியாவுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறியிருந்தால் பழைய டிரைவரை டிடியு மென்பொருளால் முழுக்க நீக்கிவிட்டுப் புதிதைப் போடுங்கள். இத்தனைக்கும் சரியாகாவிட்டால் மேலே சொன்ன கார்டு பயன்பாட்டுச் சதவீதத்தைப் பார்த்து எழுதுங்கள். பிராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ் மாடல் மூன்றையும் சேர்த்து எழுதினால் எங்கே இழுக்கிறது என்று சொல்லிவிடலாம்.